சேப்பாக்கத்தில் இரண்டு நாட்கள்

“ஏம்மா, ஒரு ஆட்டத்துக்கு நாலு நாளா? பொம்பளப் பிள்ளைக நாலு நாளும் வெயில்லயா நிப்பாக?”

எங்களுள் ஒருத்தியின் அப்பத்தா கேட்ட கேள்வி இது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம், இந்திய மகளிர் அணிக்கும் தென்னாப்பிரிக்க மகளிர் அணிக்கும் சென்னையில் டெஸ்ட் ஆட்டம் நடக்கப் போகிறது, அதைப் பார்க்கச் சினேகிதிகள் ஒன்பது பேர் போய் வரப் போகிறோம் என்று வீட்டில் சொன்ன அன்று கேட்டார். அப்போது நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம். அவருக்குச் சரியான விடை சொல்ல எங்களால் இயலவில்லை. உண்மையைச் சொன்னால் டெஸ்ட் ஆட்டம் என்றால் என்னவென்று எங்களுக்கே அரைகுறையாகத்தான் தெரியும். இருபது ஓவர் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். ஆகவே அந்த அப்பத்தாவுக்குச் சொல்லும் விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். கிரிக்கெட் அறிந்த தந்தைமார் சில பத்திகளைத் தாண்டிப் போகலாம். தாய்மாரும் அருட்சகோதரிகளும் அருள்கூர்ந்து எங்களுடனேயே வரவும்.

அனுமதி கிடைத்தது எளிதாக அல்ல. “பரீட்சை எழுதப் பட்டணம் போனால் சரி, ஆட்டம் பார்க்கவா?” என்றார் ஒருத்தியின் தந்தை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. எங்கள் தெருக்களில் மாலையானால் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். பந்து சாக்கடையில் விழுந்தால் எடுத்துக் கொடுக்கவும், ஆள் குறைந்தால் சுவரோரமாய் நிற்கவும் எங்களைக் கூப்பிடுவார்கள். மட்டை எங்கள் கைக்கு வருவதற்குள் இருட்டிவிடும். ஆட்டம் என்பது பெண்களுக்கு அவ்வளவுதான் என்று ஊரும் நினைத்தது, நாங்களும் நினைத்தோம். விளையாட்டு ஆசிரியை வீடு வீடாய் வந்து பேசினார். ஒரு சிஸ்டரும் ஒருத்தியின் தாயாரும் துணைக்கு வருவதாகச் சொன்ன பிறகே எல்லார் வீட்டுக் கதவும் திறந்தது.

ஜூன் 28, வெள்ளிக்கிழமை மாலை. ராஜபாளையத்தில் அன்று சாரல். மேற்கு மலை முழுவதும் மேகம் மூடியிருந்தது. இந்தக் குளிர்ச்சியை விட்டுவிட்டுச் சென்னை வெயிலுக்குப் போகிறவர்கள் நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும்! பொதிகை எக்ஸ்பிரஸில் ஆறு பேர் ராஜபாளையத்தில் ஏறினோம். மூன்று பேர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாப் பொட்டலங்களோடு ஏறிக்கொண்டார்கள். பால்கோவா சென்னையில் நாங்கள் தங்கவிருந்த விடுதிச் சிஸ்டர்களுக்கு. அதில் ஒரு பொட்டலம் மதுரைக்கு வருமுன்பே காணாமற் போன கதையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

வண்டியில் ஏறியதுமே ஒரு செய்தி எங்கள் உற்சாகத்தில் பாதியை வாங்கிக்கொண்டது. ஆட்டம் அன்று காலையே தொடங்கிவிட்டது அல்லவா? பள்ளி நாள் என்பதால் முதல் நாளை விட்டுவிட்டு, சனி, ஞாயிறு மட்டுமே பார்ப்பதாக ஏற்பாடு. அந்த முதல் நாளில்தான் இந்தியா 4 விக்கெட்டுக்கு 525 ஓட்டங்கள் குவித்திருந்தது. மகளிர் டெஸ்ட் வரலாற்றில் ஒரே நாளில் அத்தனை ஓட்டங்களை அதற்கு முன் எந்த அணியும் எடுத்ததில்லை. ஷெஃபாலி வர்மா 205; ஸ்மிருதி மந்தனா 149. இருவரும் முதல் விக்கெட்டுக்குச் சேர்த்தது 292, அதுவும் ஒரு புதிய சாதனை. இந்தியப் பெண்களில் ஷெஃபாலிக்கு முன் டெஸ்டில் இருநூறு எடுத்தவர் ஒரே ஒருவர். 2002-இல் இங்கிலாந்தின் டான்டன் நகரில் 214 எடுத்த மிதாலி ராஜ். அவர் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண்.

“பார்க்க வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டதே!” என்று ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அவளைச் சமாதானப்படுத்த ஆசிரியை ஷெஃபாலியின் கதையைச் சொன்னார். அரியானா மாநிலம் ரோத்தக்கில் பிறந்த அவரைச் சிறுவயதில் கிரிக்கெட் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள், பெண் பிள்ளை என்று. அவருடைய தந்தை மகளின் முடியைப் பையன் போல் கத்தரித்து ஓரிடத்தில் சேர்த்துவிட்டார். ஒரு முறை அண்ணனுக்கு உடல்நலமில்லாதபோது அண்ணன் பெயரிலேயே போட்டியில் ஆடினாராம். சேப்பாக்கத்தில் 205 எடுத்தபோது அவருக்கு வயது 20.

இன்னொன்றும் சொன்னார். 1970-களில் இந்தியாவுக்காக ஆடிய பெண்கள் முன்பதிவில்லாத ரயில் பெட்டிகளில் பிரயாணம் செய்து, பொது விடுதிகளில் தங்கித்தான் போட்டிகளுக்குப் போனார்களாம். அவர்களின் தலைவி சாந்தா ரங்கசாமி சென்னையில் பிறந்தவர். 1976-இல் மேற்கிந்தியத் தீவுகள் அணியைப் பாட்னாவில் வென்று இந்தியப் பெண்களுக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தேடித் தந்தவர் அவரே. எங்களுக்கோ படுக்கை வசதி, இட்லிப் பொட்டலம், துணைக்கு மூன்று பெரியவர்கள். முகம் திருப்பிய சினேகிதி மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள்.

சனிக்கிழமை காலை எழும்பூரில் இறங்கி, விடுதியில் குளித்து, ஒன்பது மணிக்கெல்லாம் மைதானத்தில் இருந்தோம். தொலைக்காட்சியில் காணும் மைதானம் வேறு. நேரில் காணும் மைதானம் வேறு. முதலில் தாக்கியது அந்தப் பசுமை. அடுத்தது சத்தம். மட்டையில் பந்து சரியாகப் படும்போது எழும் ஒலி, உரலில் உலக்கை விழுந்தாற்போல் ஆழமாய் வந்து சேர்கிறது. தூரத்தில் இருப்பவர்களுக்குப் பந்து பறந்த பிறகுதான் அந்த ஒலியே கேட்கிறது!

இனி அப்பத்தாவின் கேள்விக்கு வருவோம். ஏன் நாலு நாள்?

கிரிக்கெட்டில் அணிக்குப் பதினொருவர். ஓர் அணி மட்டை பிடிக்கும்; மற்ற அணி பந்து வீசி, ஓடிப் பிடிக்கும். நடுவில் 22 கஜ நீளமுள்ள ஆடுகளம், அதன் இரு முனையிலும் மும்மூன்று குச்சிகள். மட்டை பிடிப்பவர் பந்தை அடித்துவிட்டு எதிர்முனைக்கு ஓடினால் ஓர் ஓட்டம். பந்து உருண்டு எல்லைக் கோட்டைத் தொட்டால் 4. தரையில் படாமல் தாண்டினால் 6. குச்சி சாய்ந்தாலோ, அடித்த பந்தைத் தரையில் படுமுன் பிடித்துவிட்டாலோ அவர் வெளியேற வேண்டும். ஆறு பந்துகள் சேர்ந்தது ஓர் ஓவர். இவ்வளவு தெரிந்தால் போதும், காலரியில் உட்காரலாம்.

இருபது ஓவர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒரே முறை, அதுவும் 120 பந்துகள். டெஸ்டில் அந்தக் கணக்கே இல்லை. பத்துப் பேர் வெளியேறும் வரை, அல்லது தலைவியே போதும் என்று முடித்துக்கொள்ளும் வரை ஆடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் அணிக்கும் இரண்டு முறை வாய்ப்பு உண்டு. அதனால்தான் நாட்கள் நீளுகின்றன. ஆண்களுக்கு ஐந்து நாள், நாளொன்றுக்கு 90 ஓவர். பெண்களுக்குப் பெரும்பாலும் நான்கு நாள், ஆனால் நாளொன்றுக்கு 100 ஓவர். வெயிலில் நிற்பதில் சலுகை ஒன்றும் கிடையாது என்பதை அப்பத்தா கவனிக்க வேண்டுகிறோம். பந்து மட்டும் சற்று எடை குறைந்தது. எல்லைக் கோடும் கொஞ்சம் அருகில் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு ஓர் இடைவேளை, தேநீருக்கு ஓர் இடைவேளை என்று ஒரு நாள் மூன்றாகப் பிரிகிறது. “நம்மூர் மில்லில் மூணு ஷிப்டு மாதிரி” என்று எங்களுடன் வந்த தாயார் உடனே பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை முதல் பகுதியில் ரிச்சா கோஷ் 86 வரையும் தலைவி ஹர்மன்பிரீத் கவுர் 69 வரையும் சென்றார்கள். 6 விக்கெட்டுக்கு 603 என்றபோது இந்தியா ஆட்டத்தை முடித்துக்கொண்டது. மகளிர் டெஸ்டில் ஓர் அணி 600-ஐத் தொட்டது அதுவே முதல் தடவை. அதற்கு முந்தைய சாதனை ஆஸ்திரேலியாவின் 575. அதையும் அதே 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான், பெர்த் நகரில், இதே தென்னாப்பிரிக்கப் பெண்களுக்கு எதிராகத்தான் எடுத்திருந்தார்கள்! நான்கு மாத இடைவெளியில் இரண்டு முறை அந்தப் பாடு பட்டவர்கள் எங்கள் கண்ணெதிரே தொப்பியைச் சரிசெய்துகொண்டு பந்தை எடுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு டெஸ்ட் ஆடிய பழக்கமும் குறைவு. 2014-இல் மைசூரில் இந்தியாவுடன் ஒன்று; பிறகு 2022 வரை ஒன்றுகூடக் கிடையாது. அந்த மைசூர் ஆட்டத்தில் 192 எடுத்தவர் நம் சென்னைப் பெண் திருஷ் காமினி என்பதையும் இங்கே குறித்துவைக்கிறோம்.

அதன்பின் தென்னாப்பிரிக்கா ஆடத் தொடங்கியது. முதல் நாளின் அதிரடியை எண்ணி வந்த எங்களுக்கு அது மிக மெதுவாகத் தோன்றியது. அரைமணி நேரம் பார்த்துவிட்டு இருவர் முறுக்கு வாங்கப் போனார்கள். திரும்பும்போது ஒருத்தி படியில் தடுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். முதலுதவிக்காரர் மருந்திட்டுத் துணி சுற்றினார். “இது எங்க ஊர்ப் பக்கத்துத் துணியாத்தான் இருக்கும், சத்திரப்பட்டியில இதைத்தான் நெய்யறாங்க” என்று அவள் வலியை மறந்து அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அன்று மாலை 4 விக்கெட்டுக்கு 236.

ஞாயிறு அதிகாலை சாந்தோம் பேராலயத்தில் திருப்பலி கண்டோம். அங்கிருந்து கடற்கரைச் சாலை வழியே சேப்பாக்கம் கிட்டத்தான். சாலையின் ஒருபுறம் மெரினா மணல், மறுபுறம் பழைய கட்டடங்கள். சிஸ்டர் செபமாலையைப் பைக்குள் வைத்துவிட்டு, “ராணா இன்னைக்கு எத்தனை விக்கெட் எடுப்பாங்க?” என்று கேட்டாரே பார்க்கலாம்! முந்தின நாள் முழுதும் வாய் திறவாமல் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஸ்னே ராணா உத்தராகண்டைச் சேர்ந்த சுழற்பந்து வீச்சாளர். ஐந்து ஆண்டுகள் அணியில் இடமின்றி இருந்தார். 2021-இல் மீண்டும் அழைப்பு வந்தபோது அவருடைய தந்தை காலமாகி இரண்டே மாதம் ஆகியிருந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆடிய அந்த முதல் டெஸ்டிலேயே, தோற்க வேண்டிய ஆட்டத்தை 80 ஓட்டங்கள் எடுத்துக் கடைசி வரை நின்று காப்பாற்றினார். அவர் வீசுவது வேகப் பந்தன்று. விரல்களால் திருகி விடும் பந்து. காற்றில் ஒரு கோட்டில் வந்து, தரையில் பட்டதும் வேறு கோட்டில் திரும்பும். மூன்று நாள் காலடி பட்டு வெடித்த களத்தில் இன்னும் அதிகமாய்த் திரும்பும். அன்று காலை அதைத்தான் கண்டோம். மிச்சமிருந்த ஆறு பேரும் 30 ஓட்டங்களுக்குள் போய்விட்டார்கள். 266-இல் எல்லாம் முடிந்தது. ராணாவுக்கு 77 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள். நாங்கள் கத்திய கத்தலில் எங்கள் தொண்டையும் அத்துடன் முடிந்தது.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். வழக்கமாக அணிகள் மாறி மாறி ஆடும். ஆனால் நான்கு நாள் ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடிய அணி 150 ஓட்டங்கள் அல்லது அதற்கு மேல் பின்தங்கினால், முன்னே நிற்கும் அணியின் தலைவி, “நீங்களே உடனே மறுபடியும் ஆடுங்கள்” எனலாம். ஃபாலோ ஆன் என்று பெயர். தென்னாப்பிரிக்கா பின்தங்கியிருந்தது 337. ஆகவே சற்றுமுன் வெளியேறியவர்களே மீண்டும் மட்டையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். சிறிது நேரத்தில் ஒரு விக்கெட்டும் விழுந்தது. “சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும், வெற்றியைப் பார்த்துட்டே ரயில் ஏறலாம்” என்று கணக்குப் போட்டோம்.

எங்கள் கணக்கு பொய்த்தது. தலைவி லாரா வோல்வார்ட்டும் சுனே லூஸும் நின்றார்கள். நின்றார்கள் என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறோம். பந்து வரும், காலை முன்னே வைத்து மட்டையைச் செங்குத்தாய்ப் பிடித்து அதைத் தரையோடு அடக்குவார்கள். அடுத்ததும் அப்படியே. மோசமான பந்து ஒன்று வந்தால் மட்டும் அது கோட்டைத் தொடும். இந்தியா ஆளை மாற்றி மாற்றி வீசிப் பார்த்தது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். கடற்காற்று வந்தது, நிழல் காலரியிலிருந்து இறங்கிப் புல்லில் நீண்டது. முந்தின நாள் முறுக்கு வாங்கப் போனவர்கள் அன்று எழுந்திருக்கவேயில்லை. காலையில் 8 விக்கெட்டு எடுத்த அதே ராணாவின் அதே பந்தை இவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஒவ்வொரு பந்தாய்ப் பார்த்தோம். லூஸ் 109 எடுத்து வெளியேறினார். அந்தக் கூட்டு 190 ஓட்டங்கள். எழுந்து நின்று கை தட்டினோம். இந்தியக் கொடியைக் கன்னத்தில் தீட்டியிருந்தவளும் தட்டினாள்.

பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்துச் சிரித்தார். 1999-இல் இதே மைதானத்தில் பாகிஸ்தானிடம் இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. டெண்டுல்கர் 136 எடுத்தும் தோற்றது. அன்று சென்னை ரசிகர்கள் அழுகையோடு எழுந்து நின்று, சுற்றி வந்த பாகிஸ்தான் வீரர்களுக்குக் கை தட்டினார்கள். “நான் அன்னைக்கு இங்க இருந்தேம்மா” என்றார். அவரிடம் கேட்டறிந்தவை இன்னும் உண்டு. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது இங்கேதான், 1952-இல், இங்கிலாந்துக்கு எதிராக. வினு மன்கட் 12 விக்கெட்டுகள் எடுத்தார். 1986-இல் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஐந்து நாள் ஆடி இம்மியும் வித்தியாசமில்லாமல் சமமாய் முடித்ததும் இங்கேதான். உலகில் அப்படி நடந்தது அதற்கு முன் 1960-இல் பிரிஸ்பேனில் ஒரு முறைதான்.

வோல்வார்ட்டைப் பற்றி ஆசிரியை சொன்ன ஒரு விவரம் எங்கள் பெற்றோருக்கு உவப்பாய் இராது. அவருக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆட்டத்துக்காக அதை விட்டுவிட்டார். (தயவுசெய்து எங்களை யாரும் சந்தேகிக்க வேண்டாம்.) மாலையில் ஆட்டம் நின்றபோது அவர் 93, அணி 2 விக்கெட்டுக்கு 232. இன்னும் 105 பின்தங்கியிருந்தார்கள். வெற்றியைப் பார்க்காமலே நாங்கள் எழும்பூருக்குக் கிளம்பினோம். வண்டியில் யாரும் அதற்காக வருந்தவில்லை. வோல்வார்ட் நூறு எடுப்பாரா என்பதே பேச்சு.

எங்களுள் ஒருத்தியின் மாமா அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே கோடை விடுமுறையில் பிள்ளைகள் சினேகிதர்களோடு நகரத்துக்குப் போய் பேஸ்பால் பார்ப்பார்களாம். அந்த ஆட்டத்தில் இரு அணிகளும் ஒன்பது முறை மாறி மாறி அடித்து, ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். “உங்க நாலு நாள் ஆட்டத்துக்கு அங்கே யாரும் உட்கார மாட்டாங்க” என்று தொலைபேசியில் கேலி செய்தார். ஆனால் நாடுகளுக்கிடையே முதன்முதலில் நடந்த கிரிக்கெட் போட்டி அமெரிக்காவும் கனடாவும் 1844-இல் நியூயார்க்கில் ஆடியதுதான் என்று நாங்கள் நூலகத்தில் படித்து அவருக்கே சொல்லிவிட்டோம்.

திங்கட்கிழமை காலை ஊர் வந்து, கசங்கிய கண்களோடு வகுப்பில் உட்கார்ந்தோம். மாலையில் செய்தி தெரிந்தது. வோல்வார்ட் 122. தென்னாப்பிரிக்கா மொத்தம் 373. ஃபாலோ ஆனிலேயே ஆட்டம் முடிந்துவிடாமல், இந்தியாவையும் இரண்டாம் முறை மட்டை பிடிக்க வைத்துவிட்டார்கள். இந்தியாவுக்குத் தேவைப்பட்டது 37; ஒரு விக்கெட்டும் இழக்காமல் எடுத்து வென்றது. ராணாவுக்கு மொத்தம் 10 விக்கெட்டுகள்.

இப்போது வாரத்தில் இரண்டு மாலை எங்களுக்கும் பள்ளி மைதானத்தில் மட்டை கிடைக்கிறது. இருட்டுவதற்கு முன்பே கிடைக்கிறது.

2025 நவம்பர் 2-ஆம் நாள் இரவு, உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நவி மும்பையில். மீண்டும் அதே இரு அணிகள். சினேகிதிகள் சிலர் அப்பத்தா வீட்டில் கூடியிருந்தோம். ஷெஃபாலி 87 அடித்தார். பந்தும் வீசி, சுனே லூஸையும் அவரே வெளியேற்றினார். இந்தியா 298, எதிர்த்து ஆடியவர்களில் வோல்வார்ட் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். நூறைத் தொட்டார். நள்ளிரவு நெருங்கியும் அப்பத்தா படுக்கவில்லை.

“இது சேப்பாக்கத்துல நின்ன பிள்ளைதான?” என்று கேட்டார்.

ஆமாம் என்றோம். 101-இல் அவர் தூக்கியடித்த பந்தை அமன்ஜோத் கவுர் தட்டித் தடுமாறி ஒரு வழியாய்ப் பிடித்தார். நாங்கள் கூரை அதிரக் கத்தினோம். இந்தியா 52 ஓட்டங்களில் கோப்பையை வென்றது. அப்பத்தாவும் கை தட்டினார், தட்டிவிட்டு, “அந்தப் பிள்ளைக்கு மறுபடி எப்ப ஆட்டம்?” என்றார்.